முதுநிலை மருத்துவத்தில் துறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.பி.பி.எஸ். முடித்துப் பயிற்சி ஆண்டில் இருப்பவர்களுக்காகவும், நீட் முதுநிலைத் தேர்வு எழுதிவிட்டு மதிப்பெண் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். முதல் முறை கலந்தாய்வில் எனக்குக் கிடைத்தது எலும்பு அறுவைச் சிகிச்சைத் துறை. நான்கு மாதங்களில் அதை விட்டு வெளியே வந்தேன். இடையில் ஒரு தேர்வையே எழுத முடியாமல் போய், அதற்கடுத்த ஆண்டில்தான் மயக்கவியலில் சேர்ந்தேன். அந்த இடைவெளியில் என் காலம் மட்டும் போகவில்லை. என் அப்பா ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் பெரும்பகுதி, படிப்பின் நடுவே இடத்தை விட்டால் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருந்த பாண்ட் தொகையாகக் கட்டப்பட்டது.

என் தரவரிசை மோசமாக இருந்ததால் இது நேர்ந்துவிடவில்லை. மூத்தவர் ஒருவர் அனுப்பிய எக்செல் கோப்பில் இருந்த வரிசையை, யோசிக்காமல் என் விருப்பப் பட்டியலாக நிரப்பினேன். அந்தக் கோப்பு முந்தைய ஆண்டில் எந்த இடம் எந்தத் தரவரிசையில் முடிந்தது என்ற கணக்கின்படி அடுக்கப்பட்டிருந்தது. மற்றவர்கள் எதற்குப் போட்டியிட்டார்கள் என்பது அதில் இருந்தது. நான் எந்த வேலையைச் செய்யத் தகுந்த ஆள் என்பது அதில் இருக்க வழியில்லை. கீழே சொல்லியிருப்பவை தமிழ்நாட்டில் படித்தவர்களை மனத்தில் வைத்து எழுதியவை. கட்டணமும் விதியும் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை என்பதால், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டையும் உடன் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. பயிற்சி ஆண்டிலேயே பார்க்கத் தொடங்குங்கள்

பன்னிரண்டு மாதப் பயிற்சியைப் பெரும்பாலோர் தேர்வுக்குப் படிக்கும் காலமாகவே கழிக்கிறோம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் எந்தக் கட்டணமும் இல்லாமல், எந்தப் பாண்டும் எழுதிக் கொடுக்காமல், எல்லாத் துறைகளின் உள்ளேயும் போய் நின்று பார்க்க உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஆண்டு இதுதான். 2021-இல் வந்த பயிற்சி விதிமுறைப்படி சமூக மருத்துவத்துக்கு 12 வாரங்கள் இருக்கின்றன. பொது மருத்துவத்துக்கும் பொது அறுவைச் சிகிச்சைக்கும் தலா 6 வாரங்கள். எலும்பியல், மனநலம், மயக்கவியல் போன்ற துறைகளுக்குத் தலா 2 வாரங்கள்தான். சிறிய துறைகள் கண்ணில் படாமல் போவதற்கு இதுவே காரணம். ஆகவே விருப்பப் பயிற்சிக்கென்று தரப்படும் வாரங்களை, வேலை குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்து வாங்காமல், உங்களுக்குச் சந்தேகம் இருக்கும் துறையில் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு துறையிலும் இருக்கும்போது ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, அன்று எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை, எந்த வேலையின்போது கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அரிய நோயும் பெரிய அறுவைச் சிகிச்சையும் வரும் நாளில் எந்தத் துறையும் பிடிக்கும். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை புறநோயாளிகள் பிரிவில், ஒரே மாதிரியான இருபதாவது நோயாளி வந்து உட்காரும்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்பதைக் குறித்துவைத்தால், அது பின்னாளில் உதவும்.

நான் இதைச் செய்யவில்லை. எலும்பியலில் சேர்ந்த மூன்றாவது மாதம், தொடை எலும்பு முறிவுக்கு ஆணி பொருத்தும் சிகிச்சை ஒன்றில் ஈயக் கவசத்தைப் போட்டுக்கொண்டு நோயாளியின் காலைப் பிடித்தபடி நின்றிருந்தேன். பேராசிரியர் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் திரையைக் காட்டி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். என் கண்ணோ திரைச்சீலைக்கு அப்பால் இருந்த மானிட்டரில்தான் இருந்தது. ரத்த அழுத்தம் 110-இலிருந்து 84-க்கு இறங்கியது. மயக்க மருத்துவர் எதையும் பேசாமல் சலைனை வேகமாகத் திறந்துவிட்டு, சிரிஞ்சில் ஏற்கெனவே தயாராக இருந்த மருந்தில் ஒரு மில்லியை ஏற்றிவிட்டு, விரலை நாடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எண் மெல்ல மேலே வந்தது. பேராசிரியர் கேட்ட கேள்வி என் காதில் விழவே இல்லை. பயிற்சி ஆண்டின் இரண்டு வாரங்களை மயக்கவியலில் முழுமையாகக் கழித்திருந்தால், இதை நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துகொண்டிருப்பேன்.

2. ஒவ்வொரு துறையின் அன்றாட வேலையையும் எழுதிப் பாருங்கள்

துறையின் பெயருக்கு வீட்டிலும் ஊரிலும் ஒரு மதிப்பு இருக்கும். அந்த மதிப்பு இரவு இரண்டு மணிக்கு உங்களோடு விழித்திருக்காது. ஒரு தாளில் துறைகளை எழுதி, அவற்றுக்கு எதிரே நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். நோயாளியோடு நேரடித் தொடர்பு எவ்வளவு? இரவு அழைப்பு படிப்பு முடிந்த பிறகும் தொடருமா? தனியாகத் தொழில் தொடங்க எவ்வளவு முதலீடு வேண்டும்? மூன்று ஆண்டுகளே போதுமா, அதற்கு மேலும் படித்தாக வேண்டுமா?

மகப்பேறு மருத்துவத்தில் இரவு அழைப்பு ஐம்பது வயதிலும் நிற்பதில்லை. பிரசவம் நேரம் பார்த்து வருவதில்லை என்பதால், தனியாக மருத்துவமனை நடத்துபவருக்கு வெளியூர்ப் பயணம்கூட மாற்று மருத்துவர் கிடைப்பதைப் பொறுத்தே அமையும். அதற்கு ஈடாக, ஓர் ஊரில் இரண்டு தலைமுறைப் பெண்களின் நம்பிக்கையைப் பெறுவது அந்தத் துறைக்கே உரிய நிறைவு. குழந்தைகள் நலத்தில் நோயாளியால் தன் வலியைச் சொல்ல முடியாது; பாதி வேலை பெற்றோரிடம் பேசுவது. அதற்குப் பொறுமை இல்லாதவர், குழந்தைகளைப் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தால் முதல் வைரஸ் காய்ச்சல் பருவத்திலேயே துவண்டுவிடுவார்.

பொது அறுவைச் சிகிச்சையிலும் எலும்பியலிலும் கைக்கு வேலை கிடைக்கத் தாமதமாகும். முதலாண்டு முழுவதும் டிரெஸ்ஸிங், மாவுக்கட்டு, கேஸ் ஷீட், ரத்தம் ஏற்பாடு செய்வது என்றே போகும். அந்த ஓராண்டைத் தாங்க முடியுமா என்பதை உங்கள் உடம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் நிற்பதும் கவசத்தின் எடையும் முதுகுக்குத் தெரியும்.

மயக்கவியலில் நோயாளிக்கு உங்கள் பெயர் நினைவிருக்காது, உங்களைத் தேடிக்கொண்டு யாரும் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள். அறுவை மருத்துவரின் நேரம்தான் உங்கள் நேரம். அதே சமயம் முதலீடு இல்லாமல், படிப்பு முடிந்த மறுமாதமே பல மருத்துவமனைகளுக்குப் போய் வேலை செய்ய முடியும். தீவிர சிகிச்சைக்கும் வலி மருத்துவத்துக்கும் அங்கிருந்து வழி உண்டு.

கதிரியக்கவியலுக்கு இப்போது கடும் போட்டி. குளிரூட்டிய இருட்டறையில் நாள் முழுவதும் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதில் உங்களுக்கு இன்பம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எம்.ஆர்.ஐ., சி.டி. என்று சொந்த மையம் வைப்பதற்கான முதலீடு கோடிக்கணக்கில் போகும் என்பதால் பெரும்பாலோர் சம்பளத்துக்கோ பங்குக்கோதான் வேலை செய்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்பவர் 1994-ஆம் ஆண்டின் கருவின் பாலினம் கண்டறியும் முறைகளைத் தடைசெய்யும் சட்டத்தின்படி ஒவ்வொருவருக்கும் படிவம் எஃப் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம் விடுபட்டாலும் அது சட்டச் சிக்கல்தான். அந்தத் துறையின் அன்றாடத்தில் இந்தக் காகித வேலை ஒரு பெரும்பகுதி என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தோல் மருத்துவத்தில் இரவு அழைப்பு குறைவு. ஆனால் ஒரே புறநோயாளிப் பிரிவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பார்க்கும் வேகம் தேவை. மனநல மருத்துவத்தில் மருந்தைவிடக் காது முக்கியம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நடைமுறைகளையும் அன்றாடம் கையாள வேண்டியிருக்கும். கண் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் தொடக்கம்தான். கண்புரை அறுவைச் சிகிச்சையில் கை பழக, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் மேலும் ஃபெல்லோஷிப் செய்பவர்கள் பலர். நோய்க்குறியியலும் நுண்ணுயிரியலும் நோயாளியைப் பார்க்காமலே நோயை முடிவு செய்யும் துறைகள். நுண்ணோக்கியின் முன்னால் அமைதியாக உட்காரும் இயல்பு உள்ளவருக்கு இவற்றைவிட நல்ல இடம் கிடையாது. தரவரிசை தாழ்ந்ததால் மட்டும் அங்கே போனவர்கள்தான் அங்கே வருந்துகிறார்கள்.

சமூக மருத்துவத்தை ஒதுக்கிவைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் தனிப் பணி வரிசையும் நெடுங்காலமாக வைத்திருக்கும் மாநிலம் தமிழ்நாடு. ஒரு மாவட்டத்தின் காய்ச்சல் கணக்கையும் தடுப்பூசியையும் கையில் வைத்திருக்கும் பதவி, ஒரு வார்டைப் பார்க்கும் பதவிக்குக் குறைந்தது அன்று. உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற துறைகளில் பணியிடம் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளோடு நின்றுவிடும். கற்பிக்கும் ஆசை இருந்தால் மட்டும் சேருங்கள். 2023 நீட் முதுநிலைக்குத் தகுதி மதிப்பெண்ணைப் பூஜ்ஜியம் சதமானம் (பெர்சென்டைல்) வரை குறைத்தபோது, ஏதாவது ஓர் இடத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இந்தத் துறைகளுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இடம் காலியாக இருப்பது சேருவதற்கான காரணம் ஆகாது.

3. ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள்

எம்.டி., எம்.எஸ். இரண்டுமே மூன்று ஆண்டுகள். இருபத்து மூன்றரை வயதில் எம்.பி.பி.எஸ். முடித்து, தேர்வுக்கு ஓராண்டு படித்துச் சேர்ந்தால் முடிக்கும்போது வயது இருபத்தெட்டைத் தொடும். அதற்கு மேலான டி.எம்., எம்.சி.எச். என்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்புகளுக்கு மேலும் மூன்று ஆண்டுகள், அதற்கு முன் நீட் சூப்பர் ஸ்பெஷாலிட்டி தேர்வு, நடுவில் பாண்ட் பணி. ஆக முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதில்தான் நிலையான வருமானம் தொடங்கும். வீட்டில் கல்விக் கடன் இருப்பவர்களும் தம்பி தங்கையைப் படிக்கவைக்க வேண்டியவர்களும் இந்தக் கணக்கை வெட்கப்படாமல் போட வேண்டும்.

இதய மருத்துவம், நரம்பியல், சிறுநீரகவியல், இரைப்பை குடலியல் ஆகியவற்றுக்கு முதன்மையான வாசல் பொது மருத்துவம். சிறுநீர்ப்பாதை அறுவை, இதய அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி போன்றவற்றுக்குப் பொது அறுவைச் சிகிச்சை. 'டி.எம். கார்டியாலஜிக்குப் போகத்தான் மெடிசின் எடுக்கிறேன்' என்று சொல்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த டி.எம். கிடைக்காமல் போனால், பொது மருத்துவராகவே ஐம்பத்தைந்து வயது வரை வேலை செய்யச் சம்மதமா? சம்மதம் என்றால் தாராளமாக எடுங்கள். இல்லையென்றால், மூன்று ஆண்டுகளோடு நிறைவு தரும் துறையைப் பட்டியலில் மேலே ஏற்றுங்கள்.

4. துறையா, கல்லூரியா?

என் அனுபவத்தில் துறை முதலில், கல்லூரி அடுத்தது. பிடிக்காத துறையைப் பெரிய கல்லூரியில் படிப்பதைவிடப் பிடித்த துறையைச் சுமாரான கல்லூரியில் படிப்பது மேல். இதற்கு ஒரு விலக்கு உண்டு. கைவேலை சார்ந்த துறைகளில் நோயாளிகள் வராத மருத்துவமனையில் சேர்ந்தால், பட்டம் இருக்கும், கை இருக்காது. அங்கே கல்லூரியைக் கடுமையாகச் சலித்தெடுங்கள்.

சலித்தெடுக்க ஒரே வழி, அந்தத் துறையில் இப்போது இரண்டாமாண்டு படிக்கும் பி.ஜி. (முதுநிலை மாணவர்) ஒருவரிடம் பேசுவது. முதலாண்டு பி.ஜி.க்கு இன்னும் முழுமையாகத் தெரியாது. படித்து முடித்தவர் கசப்பை மறந்திருப்பார். 'எப்படி இருக்கிறது அண்ணா?' என்று கேட்டால் 'நல்லாத்தான் இருக்கு' என்றுதான் பதில் வரும். எண்ணிக்கையைக் கேளுங்கள்: சென்ற மாதம் நீங்களே செய்த அறுவைச் சிகிச்சை எத்தனை? ஒரு நாள் புறநோயாளிகள் எத்தனை பேர்? மாதத்தில் இரவுப் பணி எத்தனை? உதவித்தொகை எத்தனையாம் தேதி வங்கிக் கணக்கில் வருகிறது? பெண்கள் மறக்காமல் கேட்க வேண்டியது, இரவுப் பணி அறை எங்கே இருக்கிறது, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பது.

மருத்துவமனைகளில் பயின்று பெறும் டி.என்.பி. என்ற முதுநிலைத் தகுதியும் மூன்றாண்டுப் படிப்பு. பெரிய தனியார் மருத்துவமனைகளில் நல்ல பயிற்சி கிடைக்கும். ஆனால் அங்கே நோயாளிகள் பணம் செலுத்தி வருபவர்கள் என்பதால், அறுவைத் துறைகளில் உங்கள் கைக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதைக் கேட்டே தீர வேண்டும். பின்னாளில் கல்லூரி ஆசிரியராக விரும்புபவர்கள், உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலைப் பட்டத்தோடு மருத்துவக் கல்லூரியில் சீனியர் ரெசிடென்ட் அனுபவமும் தேவை என்பதையும், சிறிய மருத்துவமனைகளில் டி.என்.பி. முடித்தவர்களுக்குக் கூடுதல் நிபந்தனை வரலாம் என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜிப்மர், எய்ம்ஸ், நிம்ஹான்ஸ் போன்றவற்றுக்கு நீட் செல்லாது; ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் ஐ.என்.ஐ.-செட் என்ற நுழைவுத் தேர்வைத் தனியாக எழுத வேண்டும். நீட் எழுதுபவர்கள் இதற்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

5. பணக் கணக்கு

முதலில் சிறிய தொகைகள். நீட் முதுநிலைத் தேர்வுக் கட்டணம் 2024 முதல் பொதுப் பிரிவினருக்கு 3,500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 2,500. அகில இந்திய ஒதுக்கீட்டுக் கலந்தாய்வில் பதிவு செய்ய, பொதுப் பிரிவினர் திரும்பக் கிடைக்காத கட்டணமாக 1,000 ரூபாயும் வைப்புத்தொகையாக 25,000 ரூபாயும் கட்ட வேண்டியிருந்தது. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அது 500-உம் 10,000-உம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் தேர்ந்தெடுத்தால் கட்டணம் 5,000, வைப்புத்தொகை 2 லட்சம். வைப்புத்தொகை எந்தக் கணக்கிலிருந்து கட்டப்பட்டதோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். பிரவுசிங் சென்டர்காரரின் அட்டையிலோ நண்பரின் கணக்கிலோ கட்டிவிட்டுப் பின்னால் அலையாதீர்கள்.

பெரிய தொகை இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கும். ஒன்று, தனியார் மற்றும் நிகர்நிலைக் கல்லூரிகளின் கல்விக் கட்டணத்துக்கு வெளியே வரும் செலவு: விடுதி, உணவு, காப்புத் தொகை, 'இதர' என்ற தலைப்பில் வருபவை. எல்லாக் கட்டணங்களையும் கலந்தாய்வுக்கு முன்பே பிரித்து வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் உத்தரவிட்டிருக்கிறது. வெளியிடப்பட்ட பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத எதையும் சேரும் நாளில் கல்லூரி கேட்டால், எழுத்துப்பூர்வமாகத் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று பாண்ட். இதில் இரண்டு வகை உண்டு என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது. படிப்பு முடித்ததும் அரசுப் பணி செய்வதாக எழுதிக் கொடுப்பது ஒன்று. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி முதுநிலைப் பட்டப் படிப்புக்கு இந்தக் காலம் இரண்டாண்டாகவும் மீறினால் கட்ட வேண்டிய தொகை 40 லட்சமாகவும் இருந்தன. 2023-இல் அவை ஓராண்டு, 20 லட்சம் என்று குறைக்கப்பட்டன. படிப்பின் நடுவே இடத்தை விட்டுவிட்டால் கட்ட வேண்டியது மற்றொன்று. இந்த இரண்டாவது வகையைக் கைவிட்டு, அதற்குப் பதிலாக ஓராண்டு தடை விதிப்பதைப் பரிசீலிக்குமாறு தேசிய மருத்துவ ஆணையம் 2024 ஜனவரியில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஆயினும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. வேறு மாநிலத்தில் இடம் எடுப்பதற்கு முன் அந்த மாநிலத்தின் தகவல் கையேட்டில் இவ்விரண்டு பகுதிகளையும் தேடிப் படித்துவிடுங்கள். எனக்குத் தொகையைக் கட்டிய பிறகும் அசல் சான்றிதழ்கள் கைக்கு வர மேலும் மூன்று மாதங்கள் ஆயின.

6. சான்றிதழ்களை இப்போதே எடுத்து மேசையில் பரப்புங்கள்

தேவைப்படுபவை இவை: நீட் நுழைவுச் சீட்டு, மதிப்பெண் அட்டை, எம்.பி.பி.எஸ். மதிப்பெண் பட்டியல்கள் அனைத்தும், பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ், பயிற்சி நிறைவுச் சான்றிதழ், மருத்துவக் கவுன்சில் பதிவுச் சான்றிதழ், பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதிச் சான்றிதழ், விண்ணப்பத்தில் ஒட்டிய அதே புகைப்படத்தின் பிரதிகள். வேறு மாநிலத்துக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ போகிறவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழும் கேட்கப்படும்.

இங்கே நம்மவர்கள் விழும் பள்ளங்கள் மூன்று. முதலாவது பெயர். பத்தாம் வகுப்பில் முன்னால் ஒரு முதலெழுத்து, ஆதாரில் பின்னால் அப்பாவின் முழுப்பெயர், பட்டச் சான்றிதழில் முதலெழுத்துக்குப் புள்ளி இல்லை என்று மூன்று விதமாக இருக்கும். தமிழ்நாட்டுக்குள் யாரும் கண்டுகொள்ளாத இந்த வேறுபாடு, வெளி மாநிலக் கல்லூரியின் சரிபார்ப்பு மேசையில் உங்களை நிறுத்திவைக்கும். ஒரே ஆள்தான் என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை முன்பே தயாராக வைத்திருங்கள்.

இரண்டாவது சாதிச் சான்றிதழ். மாநில ஒதுக்கீட்டுக்கு நம் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. 27 விழுக்காட்டில் வர வேண்டுமானால், உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்ற சான்றோடு, கையேடு சொல்லும் நிதியாண்டுக்குள் வாங்கியிருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கைக்கு வர வாரங்கள் ஆகலாம். தேர்வு முடிவு வரும் வரை காத்திருக்காதீர்கள்.

மூன்றாவது, மாற்றுத்திறனாளிகளுக்கு உரியது. உள்ளூர் அரசு மருத்துவமனைச் சான்றிதழ் கலந்தாய்வில் செல்லாது. அதற்கென்று அறிவிக்கப்பட்ட மையங்களில்தான் பெற வேண்டும். சென்னையில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி அத்தகைய மையம். கலந்தாய்வு தொடங்கிய பிறகு அங்கே கூட்டம் அதிகமாகிவிடும்.

7. விருப்பப் பட்டியலை நிரப்புதல்

உண்மையில் துறையை நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடம் இதுதான். மனத்தில் என்ன வைத்திருந்தாலும், பட்டியலில் நீங்கள் போட்டிருக்கும் வரிசையைத்தான் கணினி படிக்கும்.

முதலில், எந்தச் சூழ்நிலையிலும் சேரமாட்டேன் என்ற துறைகளை ஒரு தாளில் எழுதி ஒதுக்குங்கள். இதைச் செய்வதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும், ஏனென்றால் வீட்டில் யாராவது 'எதுக்கும் போட்டு வைப்பா, கிடைச்சா பாத்துக்கலாம்' என்பார்கள். என் பட்டியலில் எலும்பியல் நுழைந்தது அப்படித்தான். மீதமுள்ளவற்றை இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள்: கோவையில் மயக்கவியலும் தஞ்சாவூரில் பொது மருத்துவமும் ஒரே நேரத்தில் கிடைத்தால் எதற்குப் பெட்டியைக் கட்டுவேன்? இப்படி ஒவ்வோர் இணையையும் முடிவு செய்தால் வரிசை தானாக அமையும்.

அடுத்து, உங்கள் தரவரிசைக்கு எட்டாது என்று நினைக்கும் இடங்களையும், உண்மையிலேயே விரும்பினால், மேலே போடுங்கள். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் இடம் ஒதுக்கப்படும். எட்டாத இடத்தை மேலே போட்டதால் கீழே உள்ள வாய்ப்பு குறையாது. முந்தைய ஆண்டின் இறுதித் தரவரிசையைப் பார்க்கும்போது, உங்கள் பிரிவில், அதே ஒதுக்கீட்டில், எந்தச் சுற்றில் முடிந்தது என்று பாருங்கள். கடைசிச் சுற்றின் எண்ணை முதல் சுற்றுக்கு வைத்துப் பார்ப்பது வீண் நம்பிக்கையைத் தரும்.

நிரப்பி முடித்ததும் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் நின்று, 'நாளைக் காலை இந்த இடம் கிடைத்தது என்று செய்தி வந்தால் போய்ச் சேருவேனா?' என்று கேளுங்கள். தயக்கம் வந்தால் அந்த வரியை நீக்குங்கள். கடைசி நாள் இரவு இணையதளம் திணறும். ஒரு நாள் முன்பே பட்டியலை லாக் செய்து (இறுதியாக உறுதிசெய்து), அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகப் பட்டியல் நிரப்ப வேண்டும்.

8. சுற்றுகளில் உள்ள பொறிகள்

அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். அதை மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்துகிறது. மறுபாதியைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு நடத்துகிறது. அதில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடும், அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கான தனி ஒதுக்கீடும் உண்டு. அரசுப் பணியில் இருப்பவரா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரே தரவரிசைக்குக் கிடைக்கும் துறை பெரிதும் மாறும். ஆகவே வேறு பிரிவில் இருக்கும் நண்பரின் அனுபவத்தை வைத்து உங்கள் வாய்ப்பைக் கணிக்காதீர்கள். குடியிருப்பை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீடு முதுநிலைப் படிப்பில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்திருப்பதால், பிற மாநிலங்களின் மாநில ஒதுக்கீட்டு விதிகளையும் ஒரு முறை பார்ப்பது பயன் தரும்.

முதல் சுற்றில் இடம் கிடைத்துச் சேராவிட்டால் இழப்பில்லை. இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் வைப்புத்தொகை போகும். மிஞ்சிய காலியிடங்களுக்காகக் கடைசியாக நடக்கும் ஸ்ட்ரே சுற்றில் இடம் கிடைத்துச் சேராவிட்டால், பணத்தோடு அடுத்த தேர்வு எழுதும் உரிமையும் போகலாம். அந்தச் சுற்றில் பங்கேற்பவர்கள், கிடைத்தால் கட்டாயம் சேரும் இடங்களை மட்டும் போட வேண்டும்.

கிடைத்த இடத்தை மேம்படுத்தக் கேட்டிருந்து அடுத்த சுற்றில் வேறு இடம் ஒதுக்கப்பட்டால், பழைய இடம் அந்த நொடியே வேறொருவருக்குப் போய்விடும். 'பழையதே போதும்' என்று திரும்ப முடியாது. கையில் இருக்கும் இடத்தைவிட மேலானது என்று நீங்கள் உறுதியாக நினைப்பவற்றை மட்டுமே அப்போது பட்டியலில் வையுங்கள்.

இடத்தை விட்டு விலகுவதாக இருந்தால், கல்லூரியில் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதாது. கலந்தாய்வுக் குழுவின் இணையதளம் வழியாகக் கல்லூரி உருவாக்கும் விலகல் கடிதம் கையில் இருந்தால்தான் நீங்கள் விலகியதாகக் கணக்கு. அது இல்லாமல் மாநிலக் கலந்தாய்வுக்குப் போய், ஏற்கெனவே ஓர் இடத்தில் இருப்பவர் என்று திருப்பி அனுப்பப்பட்டவரை எனக்குத் தெரியும்.

9. சேரும் நாள்

ஒதுக்கீடு வெளியானதற்கும் சேருவதற்கும் இடையே சில நாள்களே கிடைக்கும். ரயில் முன்பதிவை நம்பாமல் பேருந்தையும் யோசித்து வையுங்கள். வங்கி வரைவோலை கேட்கும் கல்லூரிகள் இன்னும் இருப்பதால் நடுவில் வரும் விடுமுறை நாள்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாண்டுக்கு எந்த மதிப்பில் முத்திரைத் தாள், எத்தனை பிணையாளர்கள், பிணையாளர் அரசு ஊழியராக இருக்க வேண்டுமா என்பதைக் கல்லூரி அலுவலகத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசிக் கேளுங்கள்.

அசல்களைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து, மூன்று நகல் தொகுப்புகளில் சான்றொப்பம் வாங்கி வையுங்கள். படிப்பின் நடுவே கடவுச்சீட்டுக்கும் கல்விக் கடனுக்கும் சூப்பர் ஸ்பெஷாலிட்டி விண்ணப்பத்துக்கும் அவை வேண்டியிருக்கும். அலுவலகத்தில் அசல்களைப் பெற்றுக்கொண்டதற்கு, ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் எண்ணும் எழுதி, முத்திரையும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். என்னிடம் அந்தச் சீட்டு இல்லாததால்தான் மூன்று மாதங்கள் அலைந்தேன்.